சத்தம் போடாத வண்டி

பிரேக் கிறீச்சிடுவதை நிறுத்துவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு மணி நேர வேலை. நான்கு வருடமாக அதைச் செய்யாமல் இருப்பதற்குத்தான் எனக்குத் திறமை தேவைப்பட்டது.

எங்கள் குவாரி மேனேஜர் மேடு பள்ளமெல்லாம் ஏடிவியில்தான் சுற்றுவார். முரட்டு டயர் போட்ட அந்த நான்கு சக்கர வண்டி, வளைவில் திரும்பும்போதே கிறீச்சென்று ஊரைக் கூட்டும். அசந்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டு எழுந்து சுறுசுறுப்பாகிவிடுவார்கள். மேனேஜர் திட்டும்போதெல்லாம், "கல் தூசிங்க சார், என்ன பண்றது?" என்பேன். நான் மெக்கானிக்; நம்பினார்.

அந்தச் சத்தத்தால் அதிகம் பிழைத்தவர் என் தங்கையின் கணவர். ஸ்டோர் கீப்பர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்குக் குவியலில் சாய்ந்தால், கிறீச் கேட்டுத்தான் கண் திறப்பார். அப்படிப்பட்ட மனிதர் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான் கை வச்சா ஊமை வண்டிகூடப் பேச ஆரம்பிச்சிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலையில் சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் பேடுகள் தேய்ந்து பளபளத்தன, உப்புத்தாளால் சுரண்டினேன். டிஸ்க்கைத் துடைத்தேன். பேடின் முதுகில் மட்டும் கிரீஸ் தடவினேன். முன்பக்கம் பட்டால் வண்டி நிற்காது; ஆளைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. முனகிக்கொண்டிருந்த சஸ்பென்ஷன் ரப்பர்களையும் விடவில்லை. ஓட்டிப் பார்த்தேன். பூனை மாதிரி போயிற்று.

"அட, எப்பிடிய்யா?" என்றார் மேனேஜர்.

"மேட்டுலயும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க சார். ஸ்டோர் பக்கம் போங்க. ரெண்டு மணி வாக்குல லாரி எதுவும் குறுக்க வராது."

இரண்டேகால் மணிக்கு மாப்பிள்ளையின் வேலை போயிற்று. சாயங்காலம் தங்கை வந்து அழுதாள். "ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. குவாரியில் மற்ற பதினான்கு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய், வண்டி இனிமேல் சத்தம் போடாது என்று சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவரும் மாட்டவில்லை. மாப்பிள்ளையிடம் கடைசியாகத்தான் போனேன். அப்போது மணி ஒன்றே முக்கால். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எழுப்புவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.