எட்டு எண்ணும்வரை யாரும் கைதட்டக் கூடாது

ஊதத் தெரியாத உதடுகளுக்கும் உயிர்மூச்சின் அருமை உணர்த்தியவரே! தாளம் தப்பிய கைகளையும் தட்டிக்கொடுத்துத் தடம் சேர்த்தவரே! பணி நிறைவு பெறும் எங்கள் பேண்டு டீச்சரே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள், ஆய்வுக்கூடத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே, ஒற்றை மின்விசிறி ஓடும் அறையில், டிரம்பெட் வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, கிளாரினெட் ரீடுகளைப் பார்த்துப் பார்த்து மாற்றி, வேர்த்து விறுவிறுத்து நீங்கள் வளர்த்த குழு இது! மாணவர் பேண்டு உள்ள பள்ளியெல்லாம் ஆசையோடு வாசிக்கும் அந்த ஓவர்ச்சரை, நிகழ்ச்சியின் வாசலைத் திறந்துவைக்கும் அந்த ஏழு நிமிட இசையை, நம் பிள்ளைகளும் பழகினார்கள். இவ்வளவும் புகழ்ந்து, பூச்செண்டு கொடுத்து வழியனுப்பிவிடலாம்தான். மனம் ஆறவில்லை, டீச்சர்! வயிறு எரிகிறது!

ஆர்ப்பரித்து ஏறும் அந்த இசை நடுவில் சட்டென நிற்கும். எட்டு எண்ணும்வரை மௌனம். பிறகு ஒற்றைக் கிளாரினெட் மெல்ல எழும். அதற்குப் பின்னும் பாதி இசை இருக்கிறது. ஆண்டுவிழாதோறும் நடந்தது என்ன? நீங்கள் மூன்று எண்ணுவதற்குள் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "பிரமாதம்! எல்லாரும் நல்லா கைதட்டுங்க!" என்பார். திரை விழும். தூக்கிய கோலோடு நீங்கள் நிற்பீர்கள். அவர் தலைமையேற்ற நாள்முதல் பதினோரு ஆண்டுகள்!

"அந்த சைலன்ஸை எடுத்துடுங்களேன் டீச்சர், ஜனங்க குழம்புறாங்க" என்று அவர் ஆலோசனை வேறு சொன்னார். "ஜனங்க குழம்பல சார், நீங்கதான் அவசரப்படுறீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்ன துணிவே, நீ வாழ்க!

தையல் ஆலையில் விடுப்புச் சொல்லி மூன்று ஆண்டுகள் விழாவுக்கு வந்த ஒரு தாய், கடைசி ஆண்டில் எங்களிடம் வந்து, "எம்பொண்ணு தனியா வாசிப்பேன்னு சொன்னாளே, அது எப்பங்க?" என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம். நாள்தோறும் சுவருக்கு அப்பாலிருந்து ஒத்திகை கேட்டே அந்த இசையை மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்! இன்னும் பாதி இருக்கிறது என்று தெரிந்தும், மேலிடம் தட்டச் சொன்னது என்று தட்டினோமே! இந்த அநியாயத்தில் தலைமையாசிரியருக்குப் பாதி பங்கு என்றால் எங்களுக்கும் பாதி. மன்னியுங்கள்.

நோய் நொடி அண்டாமல், நிறைந்த மூச்சும் நிமிர்ந்த நடையுமாக நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். வெறும் வாழ்த்தோடு விடுவதாக இல்லை. மைக்கைக் கழற்றி உடற்கல்வி ஆசிரியர் தம் மடியில் வைத்திருக்கிறார். இம்மடலையும் தொண்டை கிழியத்தான் வாசிக்கிறோம். தலைமையாசிரியர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்! படிப்பு முடித்துப் போன அந்தப் பெண் கிளாரினெட்டோடு வந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறோம்.

மேடையேறுங்கள், டீச்சர். எட்டையும் நிதானமாக எண்ணுங்கள். ஆசைப்பட்டால் ஒன்பதாவதையும் எண்ணுங்கள்.

இங்ஙனம்,
கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்