தூங்குபவரிடம் மெத்தை விற்பது

"நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கிகினு இருக்கிறவர எழுப்பி, மெத்தை வேணுமான்னா கேட்டீங்க?"

வடலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லாத எரிச்சலில் நின்றிருந்தேன். முன்சீட்டில் கணவன், மனைவி. மந்தாரக்குப்பத்தில் மெத்தைக் கடை திறந்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு வந்து கேசரி தின்றவர்களில் ஒருத்தர்கூட இன்னும் வாங்கவில்லையாம்.

"வந்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணச் சொன்னது நீதான? எடுத்த உடனே திட்றாரு."

"பின்ன, கொஞ்சுவாரா? இந்நேரம் அவங்க வூட்டம்மாதான் முழிச்சிருப்பாங்க. எங்கிட்ட நம்பர் இருக்கு."

அவள் போன் போட்டாள். "அக்கா, விழாவுல நீலக்கலர் மெத்தைய அமுக்கி அமுக்கிப் பாத்தீங்களே, அத பத்திதான்..."

பேசி முடித்துச் சிரித்தாள்.

"கட்டில் அளவெடுக்க இப்பவே வரச் சொல்றாங்க. எறங்குங்க. அங்க வந்து நீங்க வாயத் தொறக்கக் கூடாதாம். அவரு இப்பதான் மறுபடி தூங்குனாராம்."