விசிறிச் சத்தமும் பலாக்காயும்

“காயப் போய் பழம்னு சொல்லிடுச்சு அத்தை.”

மலைமேல் புதூர்நாட்டுக்கு ஏறும் ஜீப்பில் என் எதிரே ஒரு கல்லூரிப் பெண்ணும் அவளுடைய அத்தையும். பெண்ணின் மடியில் ஒரு பலாக்காய். வளைவுகளில் உருண்டுவிடாமல் இரு கைகளாலும் அணைத்திருந்தாள்.

“எது சொல்லிச்சு?”

“கம்ப்யூட்டரு. தட்டற சத்தத்த வச்சு காயா பழமான்னு அது சொல்லணும். அதான் சிக்னல் ப்ராசஸிங் பாடத்துல என் ப்ராஜெக்ட்டு. சார் முன்னாடியே தப்பா சொல்லிடுச்சு.”

“ஐயோ! பெயிலானா காலேஜு மூலமா கெடச்ச வேலையும் போயிடுமே. அப்புறம் இன்னா பண்ண?”

“பழத்தயெல்லாம் வூட்டுல ஃபேனுக்குக் கீழ வச்சு தட்டி ரெக்கார்ட் பண்ணியிருந்தேன். காயெல்லாம் மரத்துலயே தட்டுனது. ஃபேன் சத்தம் கேட்டா பழம்னு அது கத்துக்கிச்சு. லேப்லயும் ஃபேன் ஓடுது! எல்லா ரெக்கார்டிங்லயும் ஃபில்டர் போட்டு அந்த இரைச்சல எடுத்துட்டு, மறுபடி கத்துக்குடுத்தேன். இந்தக் காய சரியா காய்னு சொல்லிடுச்சு. சார் பாஸ் போட்டுட்டாரு.”

ஜீப் வளைவில் திரும்ப, அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஃபேன நிறுத்தியிருந்தா போதாதாடி?”

“நிறுத்தியிருந்தா பழத்தயும் காய்னு சொல்லியிருக்கும் அத்தை.”

அத்தை கம்பியிலிருந்து கையை எடுத்து, அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

“பாஸ்தான்டி நீ.”