இன்ஜின் இல்லாத முதல் பரிசு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! இந்தக் கிழவி எப்போது முடிப்பாள் என்று கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! பழைய கார்களைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணும் சங்கத்துப் பெரியோர்களே! அந்தக் கார்களைச் சக்களத்தியாய் ஏற்றுச் சலித்துப்போன தாய்மார்களே! ஆயுசெல்லாம் தமிழ் வகுப்பெடுத்துத் தொண்டை தேய்ந்த இந்த டீச்சரின் வணக்கம்.

முதல் பரிசு பெற்ற காரின் சொந்தக்காரி என்று மேடையேற்றினீர்கள். இதோ நிற்கிறது, இத்தாலியில் பிறந்த ஃபியட் ஆயிரத்து நூறு! வாடகைக் கார் ஓட்டிய என் வீட்டுக்காரரின் கார்.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து முதல் மாடலின் லட்சணங்களைச் செயலாளர் அடுக்கினார். ஆயிரத்து எண்பத்தொன்பது சிசி இன்ஜின், ஸ்டீயரிங் ஓரத்தில் கியர், பின்னோக்கித் திறக்கும் முன்கதவு. அத்தனையும் சரி. ஆனால் எங்கள் கார் எப்படி ஓடியது தெரியுமா? உடம்பு மட்டும்தான் முதல் மாடல். அந்த இன்ஜின் படுத்தபோது, அறுபத்திரண்டில் வந்த 'டி' மாடலின் பெரிய இன்ஜின் ஏறியது. கியர் பல்லிளித்தபோது, அறுபத்தாறில் வந்த 'ஆர்' மாடலின் தரைக் கியர் வந்தது. மூன்று மாடலும் முட்டிக்கொண்டனவா? முரண்டு பிடித்தனவா? இல்லையே! மூன்றும் சேர்ந்து எங்கள் குடும்பத்தைச் சுமந்தன.

சில வருஷமாக அவருக்கு மறதி நோய். பெற்ற மகனைத் தெரியாது. என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்பார். கட்டிய மனைவியிடம் அவ்வளவு மரியாதை! ஆனால் மகன் வாசலில் அந்த இன்ஜினை முடுக்கினால் போதும். நிமிர்வார், சட்டைப் பித்தானைப் போடுவார், என் முகத்தைப் பார்த்து, "ஏய் வாயாடி, ஏறு, மழை வருது" என்பார். வாயாடி! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே ஐயா நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

ஒருநாள் வண்டி கிளம்பவில்லை. செயலாளரே வீடு தேடி வந்தார். "கவலய விடுங்க டீச்சர், புதுசு மாதிரி ஆக்கித் தரோம்" என்றார். நம்பிக் கொடுத்தேன்.

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். உள்ளே வெறும் தரை தெரிந்தது. அங்கிருந்த மெக்கானிக்கைக் கேட்டேன்.

"இன்ஜின் எங்கப்பா?"

"அது 'டி' மாடல், டீச்சர். இந்த உடம்புல இருந்தா மார்க்கக் குறச்சிருவாங்க. பழைய இரும்புக்குப் போட்டாச்சு, இந்நேரம் உருக்கியிருப்பாங்க."

"இதுக்குன்னு உள்ள இன்ஜின்?"

"கெடைக்கல. ஆனா இது நிறுத்தி வச்சுப் பாக்குற போட்டிதான். ஓடணும்னு விதி இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தேன். என்ன தம்பி அங்கே? வேறு 'டி' இன்ஜின் வாங்கலாமா? நல்ல யோசனை! அதையும் செய்தோம். மகன் எங்கிருந்தோ ஒரு 'டி' மாடல் காரை ஓட்டி வந்து வாசலில் முடுக்கினான். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எங்கள் இன்ஜின் கிளம்பும்முன் இரண்டு முறை இருமும். அந்த இருமல் எந்தக் கடையில் கிடைக்கும்? எந்த மாடலில் வரும்?

யாரைத் திட்டுவேன் நான்? திருடினீர்களா? ஏமாற்றினீர்களா? ஆசை ஆசையாய் அல்லவா செய்தீர்கள்! அதுதான் என் வயிற்றெரிச்சல். சபிக்கக்கூட எனக்கு ஓர் ஆள் இல்லை.

முன்வரிசையில், மகன் பக்கத்தில் இருக்கிறாரே, அவர்தான். என் பேச்சு காதில் விழுகிறது. பேசுகிறவள் யாரென்று தெரியாது. வந்ததும் காரின் கதவைத் தடவிப் பார்த்தார். அதிலிருந்து இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

மேடை தந்த சங்கத்துக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் இந்த வாயாடியின் வணக்கம். தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்.