பிரியாணிக் கடை மாடியிலிருந்து இங்கிலாந்தைக் காத்த கதை

இங்கிலாந்து என்கிற தேசத்தை அந்நியர்களிடமிருந்து நாலு வருஷம் காப்பாற்றியவன் நான். வரலாறு இதை ஒருநாள் எழுதும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நான் விளம்பரத்தை விரும்புகிற ஆள் இல்லை. காப்பாற்றியது செங்கல்பட்டில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியிலிருந்து. மதியம் கீழே தம் உடைக்கிற நேரத்தில் மட்டும் தேசத்தைக் கொஞ்சம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

டீ நன்றாக இருக்கிறது, மேடம். ஸ்டேஷன் டீ என்றால் வேறு மாதிரி நினைத்திருந்தேன். வாட்சைக் கழற்றிக் கவரில் போட்டுவிட்டீர்கள், கை வெறிச்சென்று இருக்கிறது, அது ஒன்றுதான் குறை. மற்றபடி நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஜோதிலட்சுமி அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். கூடப்பிறந்தவள். அங்கே இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். கேசவன் மாமா, அவள் வீட்டுக்காரர், இன்னும் கண் திறக்கவில்லை. இருக்கிற கவலையில் அவளுக்கு இது வேறு எதற்கு என்றுதான்.

என் பெயர் திருநாவுக்கரசு. வீட்டில் அரசு. தொழில், ஃபிளெக்ஸ் டிசைன். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் இந்தப் பக்கத்து மனிதர்களை நான்தான் நல்ல நிறமாகக் காட்டியிருக்கிறேன். ஒரு வட்டச் செயலாளர் சிங்கத்தோடு நடந்து வருகிற பேனர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்ததே, அது என் கைவேலை. சிங்கத்தைவிடத் தான் உயரமாகத் தெரிய வேண்டும் என்றார். சிங்கத்தைக் குனிய வைத்தேன்.

பேனருக்குக் கெடுபிடி வந்து தொழில் படுத்தபோது இணையத்தில் ஒரு வேலை மாட்டியது. மார்ல்ஸ்கேட் என்கிற கடற்கரை ஊரில் பேரி பிளம்ரிட்ஜ் என்று ஒரு தலைவர். கம்பளக் கடை வைத்து மூடியவர். 'கரைக்காவலர் இயக்கம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். அதில் அவரும், அவர் மச்சினனும், ஒரு டிரம்மும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து படகில் வருகிறவர்கள் தேசத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது கொள்கை. இரண்டு முறை தேர்தலில் நின்றும் தன் மனைவியே ஓட்டுப் போடவில்லை என்று அவரே மனம் விட்டுச் சொன்னார். முகநூல் பக்கத்தை நடத்த, ஊர் தெரிந்த ஆளாக வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு ஊர் தெரியும். கேசவன் மாமா அந்த ஊரில்தான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அக்கா நாள் தவறாமல் குடும்ப குரூப்பில் போட்டோ போடுவாள். மணிக்கூண்டு, ரொட்டிக் கடை, பஸ் நிற்கிற இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். டெர்ரி என்று பெயர் வைத்துக்கொண்டேன். தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது, எழுத்து மட்டும்தான் என்று சொல்லி வைத்தேன். உன்னைப் போல மண்ணின் மைந்தர்கள் பத்துப் பேர் போதும் டெர்ரி என்று பேரி அடிக்கடி எழுதுவார்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். நம் ஊரில் ஒரு வட்டச் செயலாளருக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தேன். முதலில் பட்டம். 'கரை காத்த காளை' என்பதை இங்கிலீஷில் போட்டேன். பேரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். அதுவரை அவரை யாரும் எந்த மாடு என்றும் சொன்னதில்லையாம். பிறந்தநாளுக்குக் கட்டவுட் வைக்கச் சொன்னேன். பாலாபிஷேகம் என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன். பால் வீணாகும் என்று பீரில் செய்தார்கள். அட்டைக் கட்டவுட். ஊறிப்போய், ஊர்வலம் வந்து சேர்வதற்குள் தலைவர் இடுப்போடு மடிந்து கும்பிடுகிற கோலத்தில் நின்றார். 'மக்கள் முன் பணிந்த மாவீரன்' என்று அதையே பதிவாகப் போட்டேன். பிய்த்துக்கொண்டு போனது. உண்ணாவிரதத்தைக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வைத்தோம். அப்படியும் ஒருவர் மயங்கினார். அவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தேன். டிரம்முக்குப் பின்னால் தெருவே நடக்க ஆரம்பித்தது.

ஒரு குறைதான் இருந்தது. படகு வரவில்லை. பேரி தினமும் பைனாகுலரோடு கரையில் நிற்பார். நாயோடு ஒரு பெரியவர் வருவார், போவார். அவ்வளவுதான். வராத எதிரியைக் காட்டி எத்தனை நாள் கூட்டத்தைக் கட்டி வைக்க முடியும்? நம் பக்கம்தான் படகு நிறைய இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

மாமல்லபுரம் கடற்கரையில், கோயிலுக்கு வடக்கே, மோகன் என்று ஒரு படகுக்காரர். வெளிநாட்டு விளம்பரப் படம் என்று சொன்னேன். சர்ஃபிங் சொல்லித்தருகிற இடத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் இரவல் வாங்கினேன். தலைக்கு மங்கி குல்லா. ஆளுக்கு ஒரு பிரியாணி. படகு கரை தட்டியதும் எல்லோரும் குதித்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட வேண்டும் என்றேன்.

மோகன் குல்லாவைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இன்னாத்துக்கு அண்ணாத்த ஓடணும்? எங்க வூடு தோ கீது. எங்க கரைக்கி நாங்க வர்றதுக்கு எவனுக்குப் பயப்படணும்?"

"சும்மா நடிப்புதான் மோகன்."

மீன் கூடையோடு நின்றிருந்த அவர் மனைவி, வேண்டா என்று பெயர், விடவில்லை. "இந்த வெயில்ல குல்லாவா? விளம்பரம் இன்னாத்துக்குய்யா, வேர்க்குருப் பவுடருக்கா? யோவ், நீ ஓடு. கடங்காரனப் பார்த்தா ஓடுவியே, அந்த மாதிரி ஓடு."

அப்படியே ஓடினார்கள். பிரமாதமாக இருந்தது. கோயிலை வெட்டி எடுத்தேன், வெயிலை எடுத்தேன், கொஞ்சம் நீலம் தடவினேன். வெயிலை எடுத்துவிட்டால் மாமல்லபுரம் எந்த தேசத்துக்கும் பொருந்தும். மார்ல்ஸ்கேட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் இன்று காலை என்று போட்டேன். பேரி கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாயும் பெரியவரும்தான் இருந்தார்கள். தாமதமாகிவிட்டது டெர்ரி என்று வருந்தினார். அதன் பிறகு வாரம் தவறாமல் நான் படகு இறக்குவேன், அவர் தாமதமாகப் போவார். ஒரு தடவை பின்னால் ஒரு பசுமாடு நடந்து போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தொழில் போயிற்று என்று நினைத்தேன். மாட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார்கள், குடியேறாமல் போக மாட்டார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். மாட்டுக்கு எதிராக மட்டும் தனியாக ஓர் ஊர்வலம் நடந்தது. மாடியில் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். சந்தோஷமான நாட்கள், மேடம். யாரையும் வெறுக்கவில்லை. எனக்கு அந்தக் குணமே கிடையாது.

விசாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அக்காவைப் பார்க்கப் போக மூன்று முறை கேட்டேன், மூன்று முறை மறுத்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேசவன் மாமா லீவில் வந்திருந்தபோது, இந்தத் தடவை நீங்கள் பொறுப்பேற்று ஒரு கடிதம் கொடுங்கள் மாமா என்று கேட்டேன். தட்டில் கை வைத்தபடியே தலையாட்டினார்.

"இப்ப வேணாம் மச்சான். அங்க நிலைமை சரியில்ல. எவனோ ஒருத்தன் வாராவாரம் போட் வீடியோ போட்டு ஊரையே கெடுத்து வெச்சிருக்கான். பஸ்ல என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க."

"நீங்க அந்த வீடியோவப் பார்த்தீங்களா மாமா?"

"நான் எங்க பார்த்தேன்? பார்த்தவங்க என்னப் பார்க்கற பார்வையத்தான் பார்த்தேன். உனக்கு எதுக்கு மச்சான் அந்தப் பேஜாரு? கொஞ்ச நாள் போகட்டும்."

நல்ல மனிதர். தங்கமான மனிதர். எனக்கு ஒரு வாட்ச் வாங்கி வந்திருந்தார். தானே என் கையில் கட்டிவிட்டு, "அந்த ஊர் மணி ஓடுது, மாத்திக்க" என்றார். நான் கோபப்படவில்லை. யோசித்தேன், அவ்வளவுதான். ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் யோசித்தேன்.

அந்தச் சமயத்தில் பக்கம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. குல்லா போட்ட கூட்டத்தில் யார் முகமும் தெளிவாக இல்லை. பேனர் தொழிலில் இது பால பாடம். கூட்டம் எத்தனை பெரிதாக இருந்தாலும் ஒரு முகம் பெரிதாக வேண்டும். மாமாவை மாமல்லபுரத்துக்குச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன். டூரிஸ்டுக்கு ஒரு ரீல்ஸ் எடுக்கிறேன், நீங்களும் படகில் ஏறுங்கள், அக்காவிடம் இப்போது சொல்லாதீர்கள், திடீரென்று காட்டலாம் என்றேன். குழந்தை மாதிரி ஏறினார். ஜாக்கெட் போட்டுக்கொண்டு மோகனிடம், "நான் இங்கிலாந்துல இருந்து வந்து உங்க போட்ல ஏறி எங்க போறதுன்னு தெரியலையே" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். குல்லா மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. முகம் மறைந்துவிடும்.

அவர் விமானம் ஏறிப் போய்ச் சேர்கிற வரைக்கும் அந்தப் படத்தைப் போடவில்லை. அவசரப்படுகிற ஆள் இல்லை நான். போய்ச் சேர்ந்து, வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு போட்டேன். 'இந்த மனிதன் இப்போது நம் நடுவில் வசிக்கிறான்' என்று எழுதினேன். முகவரி எதுவும் நான் தரவில்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தெருவின் பெயரை மட்டும்தான் குறிப்பிட்டேன். தெரு நீளமானது என்பதால் பச்சைக் கதவு என்று சேர்த்தேன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அக்கா போட்டோ போட்டிருந்தாள், கதவில் மாவிலை கட்டி.

நாலைந்து பேர் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டினார்கள். மாமாதான் திறந்தார். யார் வந்தாலும் முதலில் உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிடுவது அவர் பழக்கம். அன்றைக்கும் சொன்னாராம். அக்கா மாடியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

நான் அடிக்கவில்லை, மேடம். அந்த நேரத்தில் நான் செங்கல்பட்டில் ஒரு சீமந்தத்துக்கு டிசைன் செய்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு வேலை அதிகம். வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறேன் என்று பேரிக்கு ஓர் அறிக்கை எழுதினேன். குற்றவாளிகள் தப்பக் கூடாது என்று குடும்ப குரூப்பில் எழுதினேன். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதால் இரண்டிலும் 'ஆழ்ந்த வேதனை' வந்துவிட்டது. பேரி அந்த அறிக்கையைக் கண் கலங்கப் படித்தார். தேர்தலில் ஜெயித்தார். இப்போது கவுன்சிலர். முதல் வாரமே சாக்கடை அடைப்பு என்று ஒரு மனு வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது டெர்ரி என்று கேட்டார். படகு பற்றி எழுதுங்கள் என்றேன்.

அக்கா தினமும் கூப்பிட்டாள். "அரசு, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். அந்த வீடியோவப் போட்டவன் யாருன்னு கண்டுபிடிடா. அவன் முகத்த ஒரு தடவ பார்க்கணும்" என்பாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று சொல்வேன். ஒரு வாரமாகக் கூப்பிடவில்லை. கொஞ்சம் தேறிவிட்டாள் போலிருக்கிறது.

இது என்ன, மேடம்? புகாரா? மேலே லண்டன் இந்திய ஹைகமிஷன் முத்திரை இருக்கிறது, கீழே அக்கா கையெழுத்து.

சரி. படித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அவன் முகம் எங்காவது தெரியாதா என்று. முகம் எங்கேயும் தெரியாது. அதை நான் சரிபார்த்துத்தான் போட்டேன். கோயிலை வெட்டினேன், மோகனை வெட்டினேன், வேண்டாவின் கூடையை வெட்டினேன். ஒன்றை மட்டும் வெட்டவில்லை. ஈரத்தில் மாமாவுக்குக் கால் வழுக்கியது. விழுந்துவிடுவாரே என்று ஓரத்திலிருந்து கை கொடுத்தேன். பழக்க தோஷம். அந்தக் கை படத்தில் இருக்கிறது, வாட்சோடு. அந்த வாட்சைக் கடையில் நின்று தேர்ந்தெடுத்ததே தான்தான் என்று எழுதியிருக்கிறாள்.

ஆமாம், மேடம். அந்தக் கை என்னுடையதுதான். வீடியோவும் என்னுடையதுதான்.

கவரிலிருந்து வாட்சை எடுத்து உங்கள் செல்போன் மணியோடு ஒத்துப் பார்க்கிறீர்கள். பழுது எதுவும் இல்லை. அதில் ஓடுவது இங்கிலாந்து மணி. மாமா கட்டிவிட்ட நாளிலிருந்து நான் மாற்றவில்லை.