பூச்சி தின்ற துரை

ஓப்பநாயக்க ஊரில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கணவர் மடியில், கறுப்புக் கோடுகளால் அச்சடித்த பழைய மலைப்படம். தோட்டத்துப் பங்களாவிலிருந்து மரச்சட்டம் மாற்ற எடுத்து வந்ததாம். பஸ் பிரேக் பிடித்தால் படத்தின் கண்ணாடி என் மேல் உடையுமோ என்று காலை இழுத்துக்கொண்டேன்.

“படத்துல குதிர மேல இருந்த வெள்ளக்காரத் தொரைய பூச்சி தின்னுருச்சே! மேனேஜர் ஐயா என்னைய சமையல் வேலையிலருந்து நிப்பாட்டிருவாரு,” என்றார் அவர்.

“சுதந்திரம் கெடச்சதும் தொரை சீமைக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க,” என்றார் மனைவி.

“குதிரைய விட்டுட்டா?”

“கப்பல்ல எடமில்லைங்க.”

“அப்ப அதப் புடிச்சிக்கிட்டு நிக்கிற நம்மாளு?”

“தொரை போனத அவருகிட்ட யாரும் சொல்லல. ஒங்க மாதிரிதான், வேல போயிருமோன்னு விடாம புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு.”