விமானம் ஏறக் கூடாத நுரையீரல்

கேப் டவுனை ஒட்டிய எங்கள் கயேலிட்ஷாவில் எந்த வீட்டு முற்றத்தில் இறைச்சி சுட்டாலும் யாராவது ஒருவர் உப்பை அதிகமாகப் போட்டுவிடுவார்கள். அன்று போட்டது என் தங்கை புமேசா. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தே போட்டாள். அதற்காக எனக்குக் கோபம் இல்லை, சார்ஜென்ட். கோபத்தில் நான் எதையும் செய்வதில்லை.

நான் நெஞ்சுக் காயங்களுக்கான அறுவை மருத்துவர். கேப் டவுனில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. குறை ஒன்றுதான்: புமேசாவின் கணவர் லுயாண்டாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்திருந்தது. அந்த வாரமே விமானம். புமேசாவும் போகிறாள். அவளை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. இதை அவரிடம் நல்லவிதமாகவே சொல்லிப் பார்த்தேன்.

"நீங்களும் வந்துடுங்க அண்ணி. அங்கயும் நல்லாத்தான் குத்திக்கிறாங்க. உங்களுக்குப் பொழுது போயிடும்," என்று சிரித்தார்.

யோசனை மோசமில்லை. ஆனால் அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கியவரை, அது விரிந்து ஆறிச் சில வாரங்கள் ஆகும்வரை விமானத்தில் ஏற்றக் கூடாது. இது என் சட்டம் அல்ல, மருத்துவம்.

சாயங்காலம் மின்சாரம் போயிற்று. இறைச்சி கோக்கும் கம்பி என் கையில் இருந்தது. அதைச் சுத்தமாகத் துடைத்தேன். இடப் பக்கம் இதயம், அதனால் வலப் பக்கம். அக்குளுக்குச் சற்றுக் கீழே, கல்லீரலுக்கு எட்டாத உயரத்தில். விலா எலும்பின் கீழ் விளிம்பில் இரத்தக் குழாய் ஓடும், அதனால் மேல் விளிம்பை ஒட்டி. இத்தனை அக்கறையோடு யாரும் யாரையும் குத்தியிருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தோபானி கால்பந்து விஷயமாக லுயாண்டாவோடு மதியம் சத்தமாக வாய்ச்சண்டை போட்டிருந்தார். நீங்கள் தோபானியை அழைத்துப் போனீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் காரில் லுயாண்டாவுக்கு மூச்சு முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சுக்குழல் இடப் பக்கம் நகர்ந்தது. வலப் பக்கம் தட்டினால் காலி டப்பா போலச் சத்தம். காதை வைத்தால் மூச்சே கேட்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று இதயத்தை நெருக்குகிறது. இதற்கு எக்ஸ்ரே வரை காத்திருக்கக் கூடாது. என் பையில் தடித்த ஊசி இருந்தது. குத்தியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அத்தனை அறிகுறிகளும் ஒரே ஆளிடம் பாடப் புத்தகத்தில் இருப்பது போல அமைவது அபூர்வம். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் வைத்தேன். குத்திய ஓட்டை வழியாகவே குழாயை விடக் கூடாது, அதனால் பக்கத்தில் புதிதாகக் கீறினேன். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். அதில் குமிழி வருவது நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்த பிறகுதான் குழாயை எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். லுயாண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

புமேசா அழவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"யாரும் டார்ச் அடிக்கறதுக்கு முன்னாடியே காயத்துல கைய வச்சு அழுத்தின. அந்த இருட்டுல அது எங்க இருக்குன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"பழக்கம்டி."

"நாங்க பஸ்ல போறோம். நீ வழியனுப்ப வராத."

பேருந்தில் போக நுரையீரல் தடையில்லை. அதனால்தான் பேருந்து நிலையத்தில் நீங்கள் பிடித்தபோது என் பையில் சுத்தியல் இருந்தது. தொடை எலும்பு முறிந்தவரை அவ்வளவு தூரம் உட்கார வைக்க முடியாது. எலும்பு என் துறை அல்ல என்பது எனக்குத் தெரியும். என்னைப் பொறுப்பில்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள்: எலும்புப் பிரிவில் நல்ல மருத்துவர் ஒருவரிடம் சொல்லி, காலையிலேயே லுயாண்டாவுக்கு ஜன்னலோரமாக ஒரு படுக்கை ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.